கடலிற் கலந்தது எங்கே போகிறது?

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)



சமயமும் இலக்கியமும் கற்றுத் துறைபோய பெரியோர் பலர் பேசிய மேடை இது. பல்கலைக்கழகத்தில் இன்னும் பாடங் கேட்டுக்கொண்டிருக்கும் எம்மையும் இங்கே பேசும்படி அழைத்தமைக்கு முதற்கண் எமது நன்றி. எதைப்பற்றிப் பேசுவதென்று செயலாளரைக் கேட்டபோது, "தெரிந்ததைப் பேசும்" என்று சொல்லிவிட்டார். எமக்குச் சிறிது தெரிந்தது இரசாயனம்; நம் எல்லோருக்கும் நன்கு தெரிந்தது கடல். ஆகவே இரண்டையும் சேர்த்து, கடலிற் கரைந்திருக்கும் ஒரு சிறு பொருளின் பயணத்தைச் சொல்லலாமென்று துணிந்து வந்திருக்கிறோம்.

நாம் கற்றது மிஷன் பாடசாலையொன்றில். அங்கே இரசாயனகூடத்தில் மாணவர் எவரும் மறக்கமுடியாத பரிசோதனையொன்று உண்டு. இன்னதென்று தெரியாத உப்புக் கரைசல் ஒன்றை ஆசிரியர் தருவார். அதிற் சல்பேற்று உண்டா, இல்லையா என்று கண்டுபிடிக்க வேண்டும். கரைசலிலே சிறிது ஐதரோகுளோரிக்கமிலம் விட்டு, பின்னர் பேரியங்குளோரைட்டுத் துளிகள் சில விட்டால், சல்பேற்று இருக்குமாயின் பாலைப்போல வெண்மையான வீழ்படிவு தோன்றும். அமிலத்திலும் அது கரையாது. ஒருநாள் தோழர் ஒருவர் டச்சுக் குடாவிலிருந்து போத்தலிலே கடல்நீர் கொண்டுவந்தார். அதிலே துளிகளை விட்டதுதான் தாமதம், குழாய் முழுவதும் வெண்மேகம்போல் ஆயிற்று. கடல்நீரிற் சல்பேற்று அவ்வளவு நிறைந்திருக்கிறது.

பரிசோதனை முடிந்ததும் நாம் என்ன செய்தோம்? குழாயைக் கழுவித் தொட்டியில் ஊற்றினோம். தொட்டியின் நீர் வடிகாலுக்கும், வடிகாலின் நீர் கடலுக்கும் போயிற்று. அதைத் தவறென்று நாம் கருதவில்லை. எமது வீட்டிலே அடுப்புச் சாம்பலும், பழைய பேணிகளும், மீன் கழிவும் போய்ச்சேர்ந்த இடமும் அதுவே. "கடல் எல்லாத்தையும் கழுவிப்போடும்" என்று எமது பாட்டனார் சொல்வார். பல்லாண்டு கரைவலை இழுத்தவர் அவர். கடலைப்பற்றி அவர் சொன்னதை மறுத்துப் பேச அன்று எமக்குத் துணிவிருக்கவில்லை. இன்று அவர் இல்லை; அவரை நினைந்து, மரியாதையோடுதான், அந்த ஒரு வாக்கியத்தை மறுக்க வந்திருக்கிறோம்.

பேரியம் என்ற பெயர் சிலருக்குப் புதிதாயிருக்கலாம். ஆனால் ஆஸ்பத்திரியிலே வயிற்றை எக்ஸ்-றே படம் எடுப்பதற்குமுன் வெள்ளைக் கூழ் ஒன்றைக் குடிக்கக் கொடுப்பார்களே, அது பேரியஞ் சல்பேற்று. கரையக்கூடிய பேரிய உப்புக்கள் நஞ்சு. சல்பேற்றோடு சேர்ந்த பேரியமோ வயிற்றிற் கரையாமல், உட்சென்றவாறே வெளியேறிவிடுகிறது, அதனால் தீங்கில்லை. இயற்கையில் அது பேரைற்று என்னுங் கனிப்பொருளாகக் கிடைக்கிறது. அதே கனவளவு நீரைக் காட்டிலும் நாலரை மடங்கு பாரமானது. பாரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தே இம்மூலகம் பெயர் பெற்றது. சேர் ஹம்பிரி டேவி 1808ஆம் ஆண்டில் இதனை முதன்முதலிற் பிரித்தெடுத்தார்.

இனி எமது புதிரைக் கேளுங்கள். கடலிலே ஒவ்வொரு கிலோகிராம் நீரிலும் ஏறக்குறைய 2.7 கிராம் சல்பேற்று உண்டு. ஆறுகள் ஓயாமற் பேரியத்தைக் கடலுக்குக் கொண்டுவருகின்றன. பாடசாலைச் சோதனைக்குழாய் சொன்னது உண்மையானால், ஆற்றிலிருந்து வரும் பேரியம் அனைத்தும் வெண்பொடியாகி ஆற்றுவாயிலேயே விழுந்துவிட வேண்டும். அப்படி நடக்கிறதா? இல்லை. கடலின் மேற்பரப்பிலும் ஆழத்திலும், எங்கே நீரெடுத்தாலும் அதிற் பேரியம் கரைந்த நிலையில் இருக்கிறது. சோதனைக்குழாய் பொய் சொன்னதா, கடல் பொய் சொல்கிறதா?

இரண்டும் பொய்யல்ல, அளவுதான் வேறு. நாம் குழாயில் விட்ட துளிகளிற் பேரியம் செறிந்திருந்தது. கடலிலோ அது மிக ஐதாக உள்ளது. கடலின் மேல்நீர் ஒரு லீற்றரை எடுத்தால், அதில் ஏறக்குறைய 35 கிராம் உப்புக்கள் இருக்கும். பேரியமோ 5 அல்லது 6 மைக்கிரோகிராம் மட்டுமே. ஒரு மைக்கிரோகிராம் என்பது ஒரு கிராமைப் பத்து இலட்சம் கூறு செய்தாற் கிடைக்கும் ஒரு கூறு. ஆயிரம் தொன் கடல்நீரை வற்றச்செய்தாலும் ஐந்தாறு கிராம் பேரியந்தான் மிஞ்சும். இப்படிச் சிற்றளவில் உள்ளவற்றையே சுவட்டு மூலகங்கள் என்கிறோம். இரும்பு, நாகம், செம்பு, ஈயம், இரசம் ஆகியனவும் கடலில் இவ்வினத்தனவே.

இவற்றை அளப்பது எளிதான காரியமன்று. 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிவந்த சலஞ்சர் என்னும் ஆராய்ச்சிக் கப்பல் கொண்டுவந்த 77 கடல்நீர் மாதிரிகளை டிற்மார் என்னும் இரசாயனர் பகுத்துப் பார்த்தார். எந்தச் சமுத்திரத்து நீராயினும் அதன் பெரிய உப்புக்கள் ஒன்றுக்கொன்று ஒரே விகிதத்திலேயே உள்ளன என்பது அவர் நிலைநாட்டிய உண்மை. நிலாவெளியில் உப்பு விளைவிப்போரும், தூத்துக்குடியில் உப்பு விளைவிப்போரும் ஒரே கடலைத்தான் வற்றவைக்கிறார்கள் என்று சொல்லலாம். ஆனால் சுவட்டு மூலகங்கள் இவ்விதிக்கு அடங்குவதில்லை. மேலே ஓரளவு, கீழே வேறளவு. அத்திலாந்திக்கில் ஓரளவு, பசிபிக்கில் வேறளவு. ஏன் அப்படி? அந்த வேறுபாட்டிலேதான் கதை இருக்கிறது. அதை நமது வாசலிலிருந்தே தொடங்குவோம்.

மகாவலி கங்கை 335 கிலோமீற்றர் நீளமானது. இலங்கையின் நிலப்பரப்பில் ஏறக்குறைய ஆறிலொரு பங்கின் நீரை வடித்து, மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவிற் சேர்கிறது; அதன் கிளையொன்று வெருகலாறாகத் தெற்கே பிரிந்து கடலடைகிறது. மலைநாட்டுப் பாறைகளிலே பெல்சுபார் என்னுங் கனிப்பொருள் மிகுதி. அதிலே பொற்றாசியம் இருக்கவேண்டிய இடங்களிற் சில வேளை பேரியம் உட்கார்ந்திருக்கும். இரண்டின் அணுக்களும் பருமனில் நெருங்கியவை என்பதே காரணம். மழையும் வெயிலும் பாறையை அரிக்கப் பெல்சுபார் களிமண்ணாகிறது, பேரியம் விடுபடுகிறது. விடுபட்டதில் ஒரு பகுதி நீரிற் கரைகிறது; மற்றொரு பகுதி களித்துகள்களின் மேல் ஒட்டிக்கொண்டு, மாரிகாலத்துச் செந்நீரோடு கீழே இறங்குகிறது.

ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் இடத்தில் ஒரு விந்தை நிகழ்கிறது. கடல்நீரில் உள்ள ஏராளமான உப்பின் அயன்கள் களித்துகளின்மேல் ஒட்டியிருந்த பேரியத்தைத் தள்ளிவிட்டுத் தாம் அவ்விடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. தள்ளப்பட்ட பேரியம் நீரிற் கரைகிறது. ஆகவே ஆற்றுநீர் கடலிற் கலக்கக் கலக்கப் பேரியம் குறையுமென்று நாம் எதிர்பார்த்திருக்க, நடுவழியில் அது கூடிவிடுகிறது. மிசிசிப்பி ஆற்றின் வாயில் இதனை ஆராய்ந்து 1977ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். வங்காள விரிகுடாவின் தலைப்பிலே, கங்கையும் பிரமபுத்திராவும் கலக்குமிடத்திலும் இவ்வாறே கண்டார்கள். அங்கே இன்னொரு வியப்பும் இருந்தது. ஆற்றில் வெள்ளம் வடிந்திருந்த காலத்திலுங்கூடப் பேரியமும் ரேடியமும் மிகுந்திருந்தன. நிலத்தின் கீழாகக் கடலுக்குட் கசியும் நிலத்தடி நீரே அவற்றைக் கொண்டுவருகிறதென்று வில்லாட் மூர் என்னும் அமெரிக்க அறிஞர் 1997இல் எடுத்துக்காட்டினார். நமது கிணற்று நீருக்கும் கடலுக்கும் இடையில் நாம் காணாத வாசல்கள் உண்டென்பதற்கு இது சான்று.

வங்காள விரிகுடா நமக்குத் தூரத்துச் சொந்தமுமன்று. வாடைக்காற்று வீசத் தொடங்கியதும், அவ்விரிகுடாவின் உப்புக் குறைந்த நீர் இந்தியாவின் கிழக்குக் கரையோரமாகத் தெற்கு நோக்கி ஓடி, நமது கரையையும் தழுவிச் செல்கிறது. கார்த்திகை, மார்கழியில் நாம் கோணேசர் மலையடியிற் காணும் நீரிலே மகாவலியின் பங்கும் உண்டு. கங்கையின் பங்கும் உண்டு.

இப்படிக் கடலுக்கு வந்த பேரியத்தின் கதி என்ன? மேல்நீரிலே வெளிச்சம் உண்டு. வெளிச்சம் உள்ள இடத்திற் கண்ணுக்குத் தெரியாத மிதவையுயிர்கள் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. அவற்றைச் சிறு மீன் தின்கிறது. சிறு மீனைப் பெரிய மீன் தின்கிறது. தின்னப்படாமல் மடிந்தவையும், தின்றவற்றின் கழிவும் ஒன்றோடொன்று ஒட்டி, பஞ்சுத் துணுக்குகள்போல் ஓயாமற் கீழே இறங்குகின்றன. இறங்கும் வழியில் பற்றீரியாக்கள் அவற்றை உண்டு அழுகச்செய்கின்றன. இந்த அழுகும் துணுக்குக்குள்ளேதான் எமது பாடசாலைப் பரிசோதனை நடக்கிறது! வெளிநீரில் ஐதாக இருந்த பேரியம் துணுக்கின் அழுகற் பொருளிற் பற்றிச் செறிகிறது; சல்பேற்றோ எங்கும் உண்டு. இரண்டும் கூடி, ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்திலொரு பங்களவான பேரைற்றுப் பளிங்குகள் உருவாகின்றன. கடல் முழுவதும் ஒரு சோதனைக்குழாயன்று. கோடானுகோடி மிகச் சிறு சோதனைக்குழாய்களின் கூட்டம்.

பெல்ஜிய நாட்டு டெஹேர்ஸ் என்பாரும் அவருடைய துணைவர்களும் கடல்நீரை வடித்து, இப்பளிங்குகளை நுணுக்குக்காட்டியிற் கண்டு, 1980ஆம் ஆண்டில் விரிவாக எழுதினார்கள். மேற்பரப்பிலிருந்து சில நூறு மீற்றர் ஆழத்தில் இவை மிகுந்து காணப்படுகின்றன. மேலே உயிர் எவ்வளவு செழித்து மடிந்ததோ, அவ்வளவுக்குக் கீழே பேரைற்றும் மிகும். பசிபிக் சமுத்திரத்தின் நடுக்கோட்டுப் பகுதியில், மேல்நீரில் உயிர்வளம் நிறைந்த இடத்தின் நேர்கீழே, கடலடிச் சேற்றிலும் பேரியம் மிகுந்திருப்பதைக் கோல்ட்பேர்க், அறேனியஸ் ஆகிய இருவரும் 1958இலேயே கண்டனர். அதனால் இன்று பழங்காலக் கடலின் உயிர்வளத்தை அறிய விரும்புவோர், அடிச்சேற்றைத் துளைத்தெடுத்து அதிலுள்ள பேரியத்தை எண்ணிப் பார்க்கிறார்கள்.

அன்பர்களே, பேரைற்றுப் பளிங்கு இறங்குவதற்கு நமது திருகோணமலையைப் போல் வசதியான இடங்கள் உலகிற் சிலவே. இத்துறைமுகத்தின் ஆழத்தைப் புகழாத மாலுமி இல்லை. அந்த ஆழத்தின் காரணத்தை நம்மிற் பலர் சிந்திப்பதில்லை. கொட்டியாரக் குடாவின் வாயிலிலிருந்து கடலடியிலே ஒரு பெரும் பள்ளத்தாக்குப் புறப்பட்டு, கிழக்கு நோக்கி 3,000 மீற்றருக்கு மேற்பட்ட ஆழம்வரை இறங்குகிறது. சர்வதேச இந்து சமுத்திர ஆராய்ச்சி நடைபெற்ற காலத்தில், 1964ஆம் ஆண்டில், பயனியர் என்னும் அமெரிக்கக் கப்பல் இலங்கையின் கிழக்குக் கரையோரத்துக் கடலடிப் பள்ளத்தாக்குகளை ஆராய்ந்தது. பிற துறைமுகங்களில் ஆற்றுச்சேறு கரையோரத்து ஆழமற்ற மேடையிலே நெடுங்காலம் கிடக்கும். இங்கோ ஆற்றுவாயிலிருந்து பெருங்கடலின் பாதாளத்துக்கு நேர்ப்பாதையே திறந்திருக்கிறது. திமிங்கிலங்கள் கோணேசர் மலையிலிருந்து காணக்கூடிய தூரத்துக்கு வருவதும், ஆழ்கடல் நமது கரைக்கு இவ்வளவு நெருங்கியிருப்பதனாலேயே.

கீழே போனதெல்லாம் அங்கேயே கிடக்குமா? இல்லை. ஆழ்கடல் நீரிற் பேரியம் நிரம்பிவிடவில்லை. ஆகவே இறங்கும் பளிங்குகளிற் பெரும்பகுதி மீண்டும் மெல்ல மெல்லக் கரைகிறது. இதனால் மேலே குறைந்தும் கீழே மிகுந்தும் பேரியம் காணப்படுகிறது. சௌ, கோல்ட்பேர்க் ஆகியோர் 1960இல் இதனை ஆராய்ந்து எழுதினர். 1970களில் உலகச் சமுத்திரங்கள் அனைத்திலும் நடைபெற்ற ஜியோசெக்ஸ் ஆராய்ச்சியும், 2010 முதல் நடைபெற்றுவரும் ஜியோட்றேசஸ் ஆராய்ச்சியும் இதனைத் துல்லியமாக்கின. மேல்நீரில் லீற்றருக்கு ஐந்தாறு மைக்கிரோகிராம் உள்ள பேரியம், வட பசிபிக்கின் ஆழத்தில் ஏறக்குறைய 20 மைக்கிரோகிராமாக உயர்கிறது. ஆழ்நீர் அத்திலாந்திக்கிலிருந்து பசிபிக்குக்கு ஊர்ந்து செல்லும் நூற்றாண்டுகளில், மேலிருந்து விழுவதை வாங்கி வாங்கிச் சேர்த்துக்கொள்கிறது. நெடுவழிப் பயணி வழியிற் சுமை கூட்டிக்கொள்வதைப்போல. நமது அயலிலே, வங்காள விரிகுடாவில், மேலிருந்து அடிவரை பேரியத்தை அகமதாபாத்திலுள்ள பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தினர் அளந்துள்ளார்கள்.

கீழே கரைந்தது மீண்டும் மேலே வருகிறது. சோளகம் வீசும் மாதங்களில் இலங்கைக்குக் கிழக்கே கடல்நீர் இடஞ்சுழியாகச் சுழல்வதும், அச்சுழியின் நடுவிலே கீழ்நீர் குவிமாடம்போல் மேலெழுவதும் உண்டு. வினயச்சந்திரன், யாமகாற்றா என்னும் அறிஞர் இருவர் 1998இல் இதனை விவரித்து எழுதினர். இலங்கைக் குவிமாடம் என்றே அதற்குப் பெயர். கீழிருந்து வரும் குளிர்நீரிலே பயிருக்குப் பசளைபோன்ற ஊட்டப்பொருள்களும், அவற்றோடு பேரியமும் வருகின்றன. மேலே மீண்டும் மிதவையுயிர் செழிக்கிறது, மீண்டும் மடிகிறது, மீண்டும் இறங்குகிறது. மாரியில் மலை கொடுத்ததை ஆழம் வாங்குகிறது. கோடையில் ஆழம் தன்னிடமிருப்பதிற் சிறிது திருப்பித் தருகிறது.

இறங்கியவற்றில் ஒரு பங்கு மட்டும் கரையாமல் அடிச்சேற்றிற் புதைகிறது. 1880களில், இந்தியக் கடலளவைக் கப்பலாகிய இன்வெஸ்டிகேட்டர் கொழும்புக்கு அப்பால் 675 பாகம் ஆழத்தில், அதாவது ஏறக்குறைய 1,235 மீற்றரில், இழுவலை போட்டபோது, வலையில் உருண்டைக் கற்கள் சில ஏறின. பகுத்துப் பார்த்தபோது அவை பெரும்பாலும் பேரியஞ் சல்பேற்று என்று தெரிந்தது. கடலடியிற் பேரைற்று உருண்டைகள் கிடைத்ததாக எழுதப்பட்ட பழைய குறிப்புக்களில் ஒன்று நமது தீவின் கரையைப்பற்றியது என்பதை எண்ணும்போது எமக்குப் பெருமையாக இருக்கிறது. சேற்றின் ஆழத்திற் சல்பேற்றுத் தீர்ந்துபோன இடத்திலே பேரைற்றுக் கரைந்து, மேல்நோக்கிக் கசிந்து, சல்பேற்று உள்ள இடத்தைச் சந்தித்ததும் மறுபடி கல்லாகிறது. புதைகுழியிலும் அதற்கு ஓய்வில்லை.

இந்தச் சுற்றை முடிக்க எவ்வளவு காலம் வேண்டும்? பெருங்கடலின் நீர் மேலுங்கீழுமாக ஒருமுறை கலந்து வர ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் ஆகும். பேரியமோ சராசரியாகப் பத்தாயிரம் ஆண்டளவு கடலில் தங்கியிருக்கிறது. ஆகவே ஒரு பேரிய அணு, சேற்றில் நிலையாக அடங்குமுன்னர், பல முறை இறங்கி ஏறுகிறது. சோழர் இந்தக் கரையில் ஆட்சி செய்த காலத்தில் மகாவலி கொண்டுவந்த பேரியம் இன்னுங் கடலிலேதான் இருக்கிறது.

இவ்வளவும் கேட்ட ஒருவர், "தம்பி, இதனால் நமக்கென்ன?" என்று வினவலாம். அக்கேள்விக்கு விடை சொல்லாமல் இறங்குவது முறையன்று.

முதலாவது விடை புறாத்தீவில் இருக்கிறது. நிலாவெளிக்கு எதிரே, ஒரு கிலோமீற்றரளவு தூரத்திலே உள்ள அத்தீவைச் சுற்றி முருகைக்கற் பார்கள் உண்டு. 2003ஆம் ஆண்டில் அது தேசிய பூங்காவாயிற்று. முருகை உயிர்கள் கடல்நீரிலிருந்து கல்சியத்தை எடுத்து ஆண்டுதோறும் ஒரு வளையமாகத் தம் கல்வீட்டைக் கட்டுகின்றன. கட்டும்போது கல்சியத்தின் இடத்திற் சிறிது பேரியமும் புகுந்துவிடும். நீரிற் பேரியம் மிகுந்த ஆண்டில் வளையத்திலும் மிகும். ஆகவே ஆற்றுவெள்ளம் எந்த ஆண்டில் எவ்வளவு சேற்றைக் கொண்டுவந்தது என்பதற்கு முருகைக்கல் ஒரு கணக்கேடு. அவுஸ்திரேலியாவில் பேர்டெக்கின் ஆற்றுக்கு எதிரேயுள்ள முருகைக்கல்லை மக்கலக் என்பாரும் துணைவர்களும் வாசித்து, 2003இல் முடிவை வெளியிட்டனர். ஏறக்குறைய 250 ஆண்டுக் கணக்கு அதில் இருந்தது. 1870ஆம் ஆண்டளவில் ஐரோப்பியர் அங்கே ஆடுமாடு மேய்க்கவும் நிலம் திருத்தவும் தொடங்கிய பின்னர், கடலுக்கு வந்த சேறு ஐந்து முதல் பத்து மடங்கு பெருகியதென்று அக்கல் சாட்சி சொன்னது. எழுதிவைக்க எவரும் இல்லாத காலத்தில் முருகை எழுதிவைத்திருந்தது.

நமது ஆற்றுக்கும் இத்தகைய மாற்றங்கள் நேர்ந்துள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மலைக்காடுகள் கோப்பிக்கும் தேயிலைக்கும் இடங்கொடுத்தன. 1970களிலும் 80களிலும் பொல்கொல்லை, கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகலை ஆகிய இடங்களில் அணைகள் எழுந்தன. அணையினால் வயலுக்கு நீரும் வீட்டுக்கு மின்சாரமும் கிடைத்தன. அதனை நாம் குறைகூற வரவில்லை. ஆனால் காடு அழியச் சேறு கூடும். அணை எழச் சேறு அணைக்குள் தங்கும். இவ்விரு மாற்றங்களையும் நமது கரையின் பழைய முருகைக்கற்கள் தம் வளையங்களில் வாங்கியிருக்க வேண்டும். அந்தக் கல்லைத்தான் நமது கிழக்குக் கரையிலே உடைத்துச் சூளையிலிட்டுச் சுண்ணாம்பாக்கி வந்திருக்கிறோம்! வெற்றிலைக்கும் வீட்டுச் சுவருக்கும் நமது சரித்திர ஏட்டை எரித்திருக்கிறோம். சட்டம் இன்று அதனைத் தடுக்கிறது. சட்டத்துக்கு அஞ்சி விடுவதிலும் அதன் அருமை அறிந்து விடுவது மேலல்லவா?

இரண்டாவது விடை சிறிது கடுமையானது. பேரியம் கடலில் உள்ள அளவில் நமக்குத் தீங்கு செய்வதில்லை. ஆனால் அது இறங்கி ஏறும் படிகளில் வேறு பொருள்களும் இறங்கி ஏறுகின்றன. ஜப்பானில் மினமாற்றா என்னும் ஊர் நம்முடையதைப் போலவே ஒரு குடாவின் கரையிலுள்ள மீனவர் ஊர். அங்கே இரசாயனத் தொழிற்சாலையொன்று இரசம் கலந்த கழிவைப் பல்லாண்டு குடாவில் விட்டது. கடல் கழுவிவிடுமென்றுதான் அவர்களும் எண்ணியிருப்பர். இரசம் மிதவையுயிரிலிருந்து சிறு மீனுக்கும், சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கும் ஏறி, ஏறுந்தோறும் செறிந்து, முடிவில் மீனையே உணவாகக் கொண்ட ஏழைக் குடும்பங்களின் உடலிற் சேர்ந்தது. 1956இல் அந்த நோய் அதிகாரபூர்வமாகக் கண்டறியப்பட்டது. காரணம் இன்னதென்று அரசாங்கம் ஒப்புக்கொள்ள 1968 வரை சென்றது. பிள்ளைகள் நடக்கவும் பேசவும் இயலாதவராயினர். கடல் எதையும் கழுவவில்லை. வாங்கியது, பெருக்கியது, உரியவர் வாசலிலே திருப்பிக் கொடுத்தது.

இதைச் சொல்லி எவரையும் அச்சுறுத்துவது எமது நோக்கமன்று. நமது கடல் மினமாற்றாவன்று. ஆயினும் நமது துறைமுகம் மூன்று பக்கமும் நிலஞ் சூழ்ந்தது. உட்குடாவின் நீர் வெளிக்கடலோடு கலக்க நாட்பிடிக்கும். எண்ணெயும் பற்றறியும் பிளாத்திக்கும் அங்கே போனால், அவை வெளியேறுவதற்குமுன் நமது மீனைச் சந்திக்கும்.

இனி, தொடக்கத்தில் சொன்ன எமது குற்றத்துக்கு வருவோம். பாடசாலைத் தொட்டியில் ஊற்றிய பேரியத் துளிகள் எங்கே போயிருக்கும்? குழாயிலேயே வெண்பொடியானது வடிகாலின் வாயிற் சேற்றோடு படிந்திருக்கும். மிஞ்சிய துளிகளும் கடலின் சல்பேற்றைக் கண்டதும் அவ்வாறே ஆகியிருக்கும். தீங்கில்லாத பொடிதான். ஆனால் அது தீங்கற்றதானது இரசாயனத்தின் தயவினாலன்றி எமது கவனத்தினாலன்று. அன்று எமது கையில் இருந்தது இரச உப்பாயிருந்தால், அதையும் அதே தொட்டியிலேதான் ஊற்றியிருப்போம். கேட்கவேண்டிய கேள்வியை நாம் கேட்கவில்லை: இது எங்கே போகிறது?

இளைஞர்களாகிய நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. பேரியத்தை அளக்கப் பெருங் கருவி வேண்டும், அது நம்மிடமில்லை. ஆனால் நீரின் உப்பையும், வெப்பத்தையும், கலங்கலையும் அளக்கச் சிறு கருவிகள் போதும். வெள்ளைத் தட்டொன்றைக் கயிற்றிற் கட்டி இறக்கி, எத்தனை அடியில் மறைகிறதென்று பார்த்தாலே கலங்கல் தெரிந்துவிடும். சங்கத்து இளைஞர் நால்வர், பதினைந்து நாளுக்கொருமுறை, மூதூரிலும் உட்குடாவிலும் நிலாவெளியிலும் இவற்றை அளந்து ஒரு கொப்பியிற் குறித்துவைத்தால், பத்தாண்டில் அது விலைமதிப்பற்ற ஏடாகிவிடும். மூதூரிலும் கிண்ணியாவிலும் உள்ள இளைஞரும் இதிற் கைகோத்தால் இன்னும் நன்று. கடலுக்கு ஊரெல்லை இல்லை. முருகைக்கல் எழுதும் கணக்குக்குப் பக்கத்திலே மனிதர் எழுதிய கணக்கும் ஒன்று இருக்கட்டும்.

1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்கள் கடலில் வீழ்ந்தபோது, அவை என்றென்றைக்கும் மறைந்துவிட்டன என்றுதான் இடித்தவர்கள் எண்ணியிருப்பார்கள். முன்னூறு ஆண்டு கடந்தபின், 1956ஆம் ஆண்டில், மைக் வில்சனும் ஆதர் சி. கிளாக்கும் மலையடியில் நீருக்குள் இறங்கியபோது, செதுக்கிய தூண்கள் அங்கே கிடப்பதைக் கண்டார்கள். கடல் நல்லதையும் வைத்திருக்கிறது, கெட்டதையும் வைத்திருக்கிறது. இரண்டையும் ஒருநாள் காட்டும்.

எமது பாட்டனார் இன்று இருந்தால், அவருக்கு முன் நின்று இப்படித்தான் சொல்வோம்: "அப்பு, கடல் கழுவிப்போடுறதில்லை, எடுத்து வைக்கிறது." அவர் கோபிக்க மாட்டாரென்றே நினைக்கிறோம். வலையில் எது வந்தாலும் கரையிலே பிரித்துப் பார்த்து, வேண்டாததை ஒதுக்கி, ஒன்றையும் மறக்காத மனிதர் அவர்.